300 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏன்?

கேள்வி: இரண்டு சிறிய விமான நிலையங்கள், நேர்கோட்டில் 300 கிலோமீட்டர்தான். விமானம் ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம், மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகம். கணக்குப்படி 36 நிமிடம் வருகிறது. டிக்கெட்டில் மட்டும் ஒரு மணி ஐந்து நிமிடம் என்று இருக்கிறதே, ஏன்?

பதில் 1: டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. இங்கே நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை உள்ள மொத்த நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம்.

பதில் 2: அதோடு 500 என்பது மேலே சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். குறைந்த தூரத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதி, அப்போது வேகம் குறைவு. பாதையும் நேர்கோடு இல்லை, பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் இறங்குவார்கள் என்பதால் சில நாள் ஓடுபாதையின் மறுமுனைக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

கேட்டவர்: சரி, அப்போ ஜெட் விமானம் என்றால் பாதி நேரம் போதுமா?

பதில் 2: போதாது. இந்தத் தூரத்தில் சில நிமிடம்தான் மிச்சமாகும். இன்னொன்று, காற்றும் நேரத்தைக் கூட்டும்: எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் அந்த 500, தரைக்கணக்கில் 450தான். அடுத்த விமானம் பிடிக்க வேண்டுமென்றால் டிக்கெட் நேரத்தையே வைத்துக் கணக்குப் போடுங்கள்.