நம்பிக்கையில்லாத் தீர்மானம்: ஜெர்மனி முறை இருந்திருந்தால் 1999 தேர்தல் வந்திருக்காதா?

பாரி:
1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269–270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. மாற்று அரசும் அமையவில்லை. செப்டம்பர், அக்டோபரில் நாடு மறுபடி தேர்தலைச் சந்தித்தது. ஜெர்மனியில் அடுத்தவர் யார் என்று சொல்லாமல் சான்சலரை (அங்கே அரசை நடத்தும் தலைவர், நம் பிரதமரைப் போல) இறக்க முடியாது என்கிறார்கள். அது நடைமுறையில் எப்படி நடக்கிறது? நம்மிடம் அந்த விதி இருந்திருந்தால் அந்தத் தேர்தலைத் தவிர்த்திருக்கலாமா?

தமிழ்க்கோ:
ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 67ஆம் பிரிவு அது. அவை உறுப்பினர்களில் கால்வாசிப் பேர் சேர்ந்து, மாற்றுச் சான்சலரின் பெயரோடு தீர்மானம் கொடுக்க வேண்டும். 48 மணி நேரம் கழித்துத்தான் வாக்கெடுப்பு, அதுவும் ரகசியமாக. வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 1932 செப்டம்பர் 12 அன்று அப்போதைய ஜெர்மன் சான்சலர் பாப்பனின் அரசுக்கு எதிராக 512 பேர் வாக்களித்தார்கள், ஆதரவு 42. எதிர்த்தவர்களில் நாஜிகளும் இருந்தார்கள், கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள். கவிழ்ப்பதில் கைகோத்த இவர்களால் சேர்ந்து ஆள முடியாது. அந்த வகைப் பெரும்பான்மையைச் செல்லாததாக்குவதுதான் 67ஆம் பிரிவின் வேலை.

தேசிய அளவில் இரண்டே முறைதான் இது வாக்கெடுப்புக்கு வந்திருக்கிறது. 1972 ஏப்ரலில் சான்சலர் பிராண்டுக்கு எதிராக நின்ற எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்செலுக்கு 249 தேவை, கிடைத்தது 247. பிராண்டைக் காப்பாற்ற கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத்துறை பணம் கொடுத்து வாக்கு வாங்கியது பின்னாளில் வெளிவந்தது. ரகசிய வாக்கெடுப்பின் ஆபத்து அதுதான். 1982 அக்டோபர் 1 அன்று சான்சலர் ஷ்மிட்டை இறக்கி கோல் 256 வாக்குகளுடன் வந்தார்.

ஆனால் இந்த விதி அரசைக் காப்பாற்றுமே தவிர, அந்த அரசுக்குப் பெரும்பான்மையைத் தந்துவிடாது. பார்ட்செல் தோற்ற மறுநாளே பிராண்டின் வரவு செலவுத் திட்டத்தின் ஒரு பகுதி 247–247 என்று சமமாகி விழுந்தது. கடைசியில் அவர் 68ஆம் பிரிவின்படி தானே நம்பிக்கை வாக்குக் கோரி, அமைச்சர்களை வாக்களிக்காமல் இருக்கச் செய்து, வேண்டுமென்றே தோற்றுத் தேர்தலுக்குப் போனார். 2024 டிசம்பர் 16 அன்று சான்சலர் ஷோல்ஸ் போனதும் அதே வழிதான்: ஆதரவு 207, எதிர்ப்பு 394, நடுநிலை 116. அப்படித் தோற்றால் 21 நாளுக்குள் குடியரசுத் தலைவர் அவையைக் கலைக்கலாம். கலைத்தால் 60 நாளுக்குள் தேர்தல்.

கயல்:
ஸ்பெயினையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே கீழவையின் 350 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 35 பேர், மாற்றுப் பிரதமர் பெயரோடு கையெழுத்திட வேண்டும். 5 நாள் கழித்து வாக்கெடுப்பு, 176 வேண்டும். தீர்மானம் நிலுவையில் இருக்கும்வரை பிரதமர் அவையைக் கலைக்கக் கூடாது. 2018 ஜூன் 1 அன்று எதிர்க்கட்சியின் சான்செஸ் 180–169 என்று வென்றபோது, தேர்தலை அறிவித்துத் தப்பிக்கும் வழி பிரதமர் ரஹோய்க்கு இல்லை. கலைப்பைத் தடுக்காமல் மாற்றுப் பெயரை மட்டும் கேட்கும் விதி அரை விதிதான்.

பாரி:
அப்படியானால் மக்களவை விதி 198ஐத் திருத்தினால் போதுமா? இப்போது 50 பேர் எழுந்து நின்றால் தீர்மானம் விவாதத்துக்கு வந்துவிடுகிறது.

தமிழ்க்கோ:
அரசமைப்பின் செயல்பாட்டை மறுஆய்வு செய்த வெங்கடாசலையா ஆணையம் 2002இல் ஏறத்தாழ அதைத்தான் பரிந்துரைத்தது: 20 சதவீத உறுப்பினர்கள் நோட்டீஸ் தர வேண்டும், மாற்றுத் தலைவரையும் சேர்த்தே முன்மொழிய வேண்டும். ஆனால் உங்கள் 1999 உதாரணத்துக்கு அது உதவியிருக்காது. வாஜ்பாய் விழுந்தது நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அல்ல. அதிமுக ஆதரவை விலக்கியதும் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் பெரும்பான்மையை நிரூபிக்கச் சொன்னார். அரசே கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானம் தோற்றது. விதி 198 அந்தப் பக்கமே வரவில்லை. 1990இல் வி.பி. சிங், 1997இல் தேவகவுடா விழுந்ததும் இப்படித்தான். நம்பிக்கையில்லாத் தீர்மானம் மக்களவையில் இதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. எனவே பூட்ட வேண்டிய கதவு நம்பிக்கைத் தீர்மானம். அதற்கு, அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்பு என்று சொல்லும் அரசமைப்பின் 75ஆம் பிரிவையே தொட வேண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கல் கட்சித் தாவல் தடைச் சட்டம். ஜெர்மன் உறுப்பினர் மனசாட்சிக்கு மட்டுமே கட்டுப்பட்டவர். கட்சியை மீறி வாக்களித்தாலும் பதவி போகாது. இங்கே கொறடா உத்தரவை மீறினால் பதவி பறிபோகலாம். ஆகவே ஆளுங்கட்சிக்குள்ளிருந்து மாற்றுப் பிரதமருக்கு ஆதரவு வராது. கூட்டணிக் கட்சி மொத்தமாக அணி மாறினால்தான் உண்டு.

யாழ்வாணன்:
இலங்கையில் 2018இல் நடந்ததையும் கவனியுங்கள். ஒக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக்கினார். நவம்பர் 14 அன்று பாராளுமன்றம் மஹிந்தவுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையை நிறைவேற்றியது, ஜனாதிபதி ஏற்கவில்லை. டிசம்பர் 12 அன்று 225 பேரில் 117 பேர் ரணில் மீது நம்பிக்கை தெரிவித்தனர். மாற்றுப் பெயர் சபையிலிருந்தே வந்தாயிற்று, ஆனால் அவரை நியமிக்க ஜனாதிபதியைக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு இல்லை. இதற்கிடையே ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று டிசம்பர் 13 அன்று உயர் நீதிமன்றம் (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பது போல) தீர்ப்பளித்த பிறகே, 16ஆம் திகதி ரணில் மீண்டும் பதவியேற்றார். ஜெர்மனியின் 67ஆம் பிரிவில், சபை தெரிவு செய்தவரைக் குடியரசுத் தலைவர் நியமித்தே ஆகவேண்டும் என்று எழுதியிருக்கிறது. இந்தியாவுக்கு வரைவு எழுதுபவர்கள் அந்த வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது.