புதுப்பிப்பு: சூடானால் நின்றுபோகும் புல்லட்

அப்பாவின் பழைய புல்லட் 350 காலையில் ஒரே உதையில் கிளம்பி, தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் சூடேறி நின்றுவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பாதிப் பேர் கார்புரேட்டர் என்றீர்கள். கழற்றிக் கழுவியும் பலனில்லை.

இந்த முறை நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் பாயிண்ட் (பிளக்கில் பொறி வரவைக்க, மின்சாரத்தைச் சட்டென்று துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) மூடியைத் திறந்து, தம்பியைக் கிக்கர் மிதிக்கச் சொன்னேன். பாயிண்ட் முனைகளுக்கு நடுவே பளிச் பளிச்சென்று நீலப்பொறி! அது பிளக்கில் அல்லவா வரவேண்டும்? பாயிண்ட் திறக்கும் நொடியில் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்வது கண்டென்சர். சூட்டில் அது படுத்துவிட்டால் பிளக்குக்குப் போகும் பொறி நமத்துவிடும். ஆறியதும் மறுபடி நல்லபிள்ளை. அதனால்தான் வீட்டில் வைத்துப் பார்த்தபோதெல்லாம் பிடிபடவில்லை.

புதுப்பேட்டையில் புதுக் கண்டென்சர் வாங்கி மாட்டி, பாயிண்ட் இடைவெளியை 0.38 மி.மீ. வைத்தேன். சுலபமான வேலைதான், காசிமேட்டு உப்புக்காற்றில் இறுகிப்போன மூடித் திருகுகள்தான் உயிரை வாங்கின.

இப்போது எண்ணூர் போய்த் திரும்பினாலும் நிற்பதில்லை. புல்லட்டைச் செய்த திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலைப்பக்கம் போகும்போது, பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா, “பொறந்த வீட்டுக்கு வந்திருக்கு, மெதுவா போ” என்றார்.

அப்புறம், டேப்பெட் (எஞ்சின் வால்வுகளை இயக்கும் பாகம்) மூடியில் எண்ணெய் கசிகிறது. கசிவை அடைக்கக் கார்க் கேஸ்கெட் போடவா, ரப்பரா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.