‘10-க்கு 5’ பாதையில் லேசாக மாற்றிய வி-கிராஸ் போகுமா? ஜெய்சல்மர் பயணம், உதவி தேவை

கானாடுகாத்தான் பிக்கப்:

வணக்கம். டிசம்பர் கடைசியில் காரைக்குடியில் இருந்து ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மர் வரை ஓட்டிக்கொண்டு போகிறோம். இரண்டு வண்டி. என்னுடையது இசுஸு வி-கிராஸ் 4×4 பிக்கப். சித்தப்பா மகனுடையது மஹிந்திரா தார்.

என் வண்டியில் செய்திருப்பது இவ்வளவுதான்: 255/60 ஆர்18-க்குப் பதிலாக 265/60 ஆர்18 ஆல் டெரைன் டயர், இரண்டு இன்ச் சஸ்பென்ஷன் லிஃப்ட், இன்ஜினுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு. வின்ச் (சிக்கினால் இழுக்கும் கம்பி உருளை) இல்லை, லாக்கர் (இரு சக்கரமும் சேர்ந்தே சுழலப் பூட்டுவது) இல்லை. தாரில் டயர் மட்டும் மாற்றியிருக்கிறான்.

அங்கே உள்ள வழிகாட்டி ஒருவர் மூன்று மணல் பாதை அனுப்பினார். எவ்வளவு கடினம் என்பதற்கு எண் போட்டிருக்கிறார்: ஒன்றுக்கு 10-க்கு 3, அடுத்ததற்கு 5, கடைசிக்கு 7. ஐந்துக்கு எதிரே ‘லேசாக மாற்றிய வண்டிகள் தாராளமாகப் போகும்’ என்று எழுதியிருக்கிறார். அந்தத் தடத்தைக் கூகுள் எர்த்தில் போட்டுப் பார்த்தேன். எங்கேயும் 15 சதவீதத்துக்கு மேல் ஏற்றம் காட்டவில்லை. அது ஏறக்கூடிய ஏற்றம்தானே?

எங்கள் பழக்கம் எல்லாம் இந்தப் பக்கத்துச் செம்மண், சரளை, மழைக்காலச் சேறு. மணல் என்றால் பாம்பாற்று மணல்தான். இந்த 5-ஐ நம்பிப் போகலாமா? நாமாகக் கணிக்க வழி இருக்கிறதா? ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் டீசல்:

வி-கிராஸ் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியா? 360 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை) இருக்கிறது. 4எல் (நாலு சக்கரத்துக்கும் மெதுவான கியர்) போட்டு மிதி, 7-லேயே ஏறும். படம் போட மறக்காதே.

ஷார்ஜா வாசி (சொந்த ஊர் கோட்டையூர்):

பள்ளத்தூர் தம்பி, மணலில் 4எல் போட்டு மிதித்தால் வண்டி ஏறாது, இறங்கும். நாலு சக்கரமும் குழி பறித்துக்கொண்டு ஆக்சில் வரை போய் உட்காரும். மணலில் பெரும்பாலும் நாலு சக்கரத்துக்கும் வேக கியரான 4எச்தான், வேகம் குறையாமல் ஒரே சீராகப் போக வேண்டும். 4எல் செங்குத்தாக இறங்குவதற்கும், சிக்கிய இடத்தில் இருந்து மெல்ல நகர்வதற்கும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். பத்துக்கு ஐந்து என்பது மதிப்பெண் மட்டும்தான், யார் எந்த வினாத்தாளுக்குப் போட்டார் என்று அதில் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பாதைத் தொடக்கத்திலேயே பலகை வைத்திருப்பார்கள்: பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம். ஒவ்வொன்றுக்கும் எந்த மாதிரி வண்டி, ஓட்டுநருக்கு எவ்வளவு பழக்கம், எந்தத் தரை என்று விளக்கம் உண்டு. உங்கள் வழிகாட்டி கொடுத்த எண்ணுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. அதனால் அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எந்த வண்டியில் ஓட்டி 5 போட்டார்? எந்த மாதத்தில்? எந்தத் திசையில் போனார்?

மூன்றாவதைத்தான் பலர் கேட்பதில்லை. மணல் மேட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றல்ல. காற்று அடிக்கும் பக்கம் 10, 15 டிகிரியில் சாய்வாக ஏறும், மணலும் இறுகியிருக்கும். மறுபக்கம் மணல் சரிந்து விழுந்து நிற்கும் முகம், 32 முதல் 34 டிகிரி. சதவீதத்தில் சொன்னால் 60-க்கு மேல். அங்கே தார்ப் பாலைவனத்து மேடுகளைச் செதுக்குவது பெரும்பாலும் கோடையில் அடிக்கும் தென்மேற்குக் காற்று. அதனால் தென்மேற்கில் இருந்து ஏறி வடகிழக்கில் இறங்குவது சுலபம். திரும்பி வரும்போது அதே மேடு சுவர். ஒரே பாதைக்குப் போக 4, வர 8 என்று போட்டால்கூடத் தப்பில்லை.

கூகுள் எர்த் 15 சதவீதம் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மாதிரி உயரத் தரவு ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் எடுத்தது. ஆறு மீட்டர் உயர மணல் முகடு முழுவதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும். மலைப் பாதைக்கு அந்தப் படம் உதவும், மணலுக்கு உதவாது. செயற்கைக்கோள் படத்தில் மேட்டின் நிழல் எந்தப் பக்கம் கூர்மையாக விழுகிறது என்று பாருங்கள், அதில் கொஞ்சம் தெரியும். அதுவும் பழைய படமாக இருந்தால் மேடு நகர்ந்திருக்கும்.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப்:

அண்ணன் பாதையைச் சொல்லிவிட்டார். நான் வண்டியைச் சொல்கிறேன், ஏனென்றால் ‘லேசாக மாற்றியது’ என்று சொல்லி வரும் வண்டிகளைத்தான் தினமும் ஜாக்கியில் ஏற்றுகிறேன்.

இரண்டு இன்ச் லிஃப்ட் பாடியையும் சேஸிஸையும் தூக்கும். பின்பக்க ஆக்சிலைத் தூக்காது. வி-கிராஸில் பின்னால் ஒரே துண்டு ஆக்சில், நடுவில் இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல் உருண்டை தொங்குகிறது. அதைத் தூக்குவது டயர் மட்டும்தான். 255/60 ஆர்18-இன் விட்டம் 763 மி.மீ., 265/60 ஆர்18-இன் விட்டம் 775. விட்டத்தில் கூடிய 12 மில்லியில் பாதிதான் உயரம். ஆக, உங்கள் டிஃபரென்ஷியல் கம்பெனியில் வந்ததை விட 6 மில்லி மேலே இருக்கிறது. செலவழித்த பணத்துக்கு 6 மில்லி என்று கேட்டால் வயிறு எரியும், ஆனால் கல்லும் மணலும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கும்.

அடுத்தது வண்டியின் நீளம். வி-கிராஸின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம்) 3095 மி.மீ., தாருக்கு 2450. கூரான முகட்டைத் தாண்டும்போது முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம், நடு வயிறு முகட்டில். நீள வண்டி அங்கே தராசு மாதிரி உட்கார்ந்துவிடும். இந்த இடத்தில் லிஃப்ட் உண்மையிலேயே உதவும், ஆனால் தம்பியின் தார் தாண்டிய முகட்டை நீங்களும் தாண்டுவீர்கள் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே எண் போடவே முடியாது.

எடையும் அப்படித்தான். பிக்கப் பின்னால் காலியாக இருக்கிறதே என்று டென்ட், தண்ணீர் கேன், ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றுவீர்கள். ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் மணலில் அழுத்தும். கூரை மேல் ஏற்றினால் இன்னும் மோசம், பக்கச் சரிவில் சாயும்.

கானாடுகாத்தான் பிக்கப்:

நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். வழிகாட்டியிடம் போனில் கேட்டேன். அவர் ஓட்டியது மாருதி ஜிப்ஸி! மாதம் பிப்ரவரி. திசை கேட்டதற்கு ‘எப்படியும் போகலாம் சார்’ என்றார். தடத்தை உற்றுப் பார்த்தால் தென்மேற்கில் தொடங்கி வடகிழக்கே முடிகிறது. திரும்புவது வேறு வழி, தார்ச்சாலை.

டயரில் காற்று எவ்வளவு வைப்பது? இங்கே 34 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிறேன்.

ஷார்ஜா வாசி:

ஜிப்ஸி என்றதும் விஷயம் புரிந்துவிட்டது. அது ஏறக்குறைய ஆயிரம் கிலோ வண்டி. உங்களுடையது ஆளும் சாமானும் ஏறியதும் இரண்டாயிரத்தைத் தாண்டும். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய வண்டிக்கு அது 5-தான். உங்கள் வண்டிக்கு நான் 6 அல்லது 7 என்று எடுத்துக்கொள்வேன். தம்பியின் தாருக்கு 5, 6.

காற்று: மணல் தொடங்கும் இடத்தில் நின்று 18-க்கு இறக்குங்கள். திணறினால் 15. சிக்கி வெளியே வர மட்டும் 12. அதற்குக் கீழே போனால், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்று குறைந்தால் டயர் அகலமாகும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் தரையில் படியும் தடம் நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது, டிராக்டர் செயின் போல. குறைத்த காற்றில் வேகம் வேண்டாம், சட்டென்று ஒடிக்கவும் வேண்டாம். தார்ச்சாலை வந்ததும் ஏற்றிவிட்டுத்தான் நகர வேண்டும். இஎஸ்சி (வண்டி நழுவாமல் காப்பது), டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் சுழலாமல் தடுப்பது) இருந்தால் மணலில் அணைத்துவிடுங்கள். சக்கரம் லேசாகச் சுழன்ற உடனே அது பவரை வெட்டிவிடும், மேட்டின் பாதியில் நின்றுபோவீர்கள்.

களத்தில் கணிப்பதற்கு என் வழக்கம் ஒன்றே ஒன்று: இறங்கி நடப்பது. காற்று போட்ட வரிவரியான அலைகள் மேலே இருந்தால் அது பெரும்பாலும் இறுகிய பக்கம். வழவழவென்று வரியே இல்லாமல், முகடு கத்தி போல் கூராக இருந்தால் புதிதாகச் சரிந்த மணல், கால் கணுக்கால் வரை இறங்கும். முகட்டின் மேல் ஏறி நின்று மறுபக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் வண்டி போகக் கூடாது. அங்கே குழி இருக்கலாம், ஒட்டகம் இருக்கலாம், இன்னொரு ஜிப்ஸி எதிரே ஏறி வரலாம்.

நேரமும் எண்ணை மாற்றும். காலையில் பனி ஈரத்தோடு மணல் கெட்டியாக இருக்கும், நிழல் நீளமாக விழுவதால் பள்ளம் தெரியும். நடுமதியம் நிழலே இல்லை, மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையாகத் தெரியும். என்னைக் கேட்டால் உச்சி வெயிலில் எந்தப் பாதைக்கும் ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளலாம்.

சரிவில் குறுக்கே போகாதீர்கள். ஏறினாலும் இறங்கினாலும் நேராக. பக்கவாட்டில் நழுவத் தொடங்கினால் ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி இறக்கிவிடுங்கள். மேட்டுப் பக்கம் திருப்பினால் உருளும்.

பள்ளத்தூர் டீசல்:

சரி அண்ணே, 4எல் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேரிக்காட்டில் போய் ஒரு வாரக் கடைசி பழகிவிட்டால் இவ்வளவு பயம் வேண்டாமே? திருச்செந்தூர் பக்கம்தானே.

திருமயம் பொட்டல்:

அங்கே உள்ள குதிரைமொழித் தேரி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டி இறக்கினால் வழக்கு. செம்மணல் மேடு பார்க்க ஆசையாக இருக்கிறது என்பதற்காக அங்கே போய் நிற்க வேண்டாம். கண்மாய்க் கரை மேல் ஏற்றிப் பழகுவதும் வேண்டாம். கரை உடைந்தால் ஊரே தேடி வரும். சொந்தத் தோப்பில் லாரி மணல் கொட்டி வைத்திருக்கிறீர்களா? முதலில் அதில் காற்றை இறக்கி ஏற்றிப் பழகுங்கள்.

ஜெய்சல்மரிலும் இதே பேச்சுதான். சாம் மணல் மேடுகளை ஒட்டிய பகுதியில் பெரும்பங்கு பாலைவன தேசியப் பூங்கா, 3162 சதுர கிலோமீட்டர். கானமயில் வாழும் இடம், அதில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம். தடம் பூங்காவுக்குள் போகிறதா, எல்லைப் பக்கம் போகிறதா என்று வழிகாட்டியிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அது தெரியாமல் 3, 5, 7 என்று பேசிப் பயனில்லை.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப்:

ஒன்று விட்டுப்போயிற்று. அங்கேயும் சீமைக்கருவேலம் உண்டு. காற்றைக் குறைத்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும், முள் அங்கேதான் ஏறும். நடுப்பட்டையில் பஞ்சர் என்றால் திரி போட்டுச் சமாளிக்கலாம், பக்கச்சுவரில் திரி நிற்காது. முழு அளவு ஸ்டெப்னி அதே 265/60-இல் வேண்டும். பழைய 255-ஐ ஸ்டெப்னியாக வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் சின்னது ஒரு பக்கம் பெரியது போட்டு 4எச்சில் ஓட்டினால் டிரைவ்டிரெயின் (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகங்கள்) முறுக்கும்.

அப்புறம், காய்ந்த புல். பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) தன்னைத் தானே சுத்தம் செய்யும்போது எக்ஸாஸ்ட் கடுமையாகச் சூடாகும். புல்லுக்கு நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள், அடியில் உங்கள் இரும்புத் தகட்டின் மேல் சருகு சேர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது குனிந்து பாருங்கள். தகடு போட்ட வண்டியில்தான் சருகு அதிகம் தங்கும்.

கானாடுகாத்தான் பிக்கப்:

என் ஸ்டெப்னி 255-தான். நல்ல வேளை சொன்னீர்கள்.

வழிகாட்டியிடம் மறுபடி பேசிவிட்டேன். பாதை பூங்காவுக்கு வெளியே, கிராமத்து நிலம், எழுதித் தருகிறார். முடிவு இது: முதல் நாள் 3-ஐ முழுதாக ஓட்டுகிறோம். இரண்டாம் நாள் காலையிலேயே 5-ஐத் தென்மேற்கில் இருந்து தொடங்குகிறோம். மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு வண்டித்தடம் சாலைக்குப் பிரிகிறது, அதுவரை என் வண்டி எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே. தார் முன்னால், நான் பின்னால். சாமான் எல்லாம் ஹோட்டலில். 7 பக்கம் போகவே இல்லை.

இழுக்கும் கயிறு வாங்க வேண்டும். பின்னால் இருக்கும் டோ பாலில் மாட்டலாமா?

ஷார்ஜா வாசி:

கூடவே கூடாது. டோ பால் டிரெய்லரை இழுக்கச் செய்தது, சிக்கிய வண்டியை வெடுக்கென்று இழுக்க அல்ல. உடைந்தால் இரும்புக் குண்டாகப் பறந்து கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொல்லும், பல நாடுகளில் நடந்திருக்கிறது. சேஸிஸில் போல்ட் போட்ட ரிகவரி பாயின்ட் (இழுக்கக் கயிறு மாட்டும் இடம்) இரண்டு வண்டியிலும் முன்னும் பின்னும் வேண்டும், தேவகோட்டைக்காரரிடம் காட்டிச் சரிபாருங்கள். நீளும் தன்மையுள்ள நைலான் ரிகவரி கயிறு, இரண்டு சாஃப்ட் ஷேக்கிள் (கயிற்றாலான இணைப்பு வளையம்). அதற்கு முன்னால் ஒரு நல்ல மண்வெட்டி. பாதி நேரம் சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டிவிட்டு, காற்றை 12-க்கு இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்தால் கயிறே தேவைப்படாது.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப்:

வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் வண்டியைக் கொண்டு வாருங்கள். வரும்போது கம்ப்ரஸரும் எடுத்து வாருங்கள். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போடும் வகைதானா என்று பார்க்க வேண்டும். சிகரெட் லைட்டரில் சொருகும் சின்னதாக இருந்தால் நான்கு டயரையும் 15-இல் இருந்து 34-க்கு ஏற்றுவதற்குள் ஃபியூஸ் போய்விடும்.