வீட்டுக் கோழிகளைப் பறவைக் காய்ச்சலிலிருந்து காப்பது: கூட்டில் அடைத்தால் மட்டும் போதுமா?

கேள்வி கேட்டவர்: ஏரிக்கரை வீடு (குறிஞ்சிப்பாடி வட்டம்)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டத்தில், பெருமாள் ஏரியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. சிறுவிடைக் கோழிகள் சிறியதும் பெரியதுமாக 22, வாத்துகள் 6 வைத்திருக்கிறோம். கோழிகள் பகல் முழுவதும் தோட்டத்திலும் பின்னாலுள்ள வயலிலும் மேய்ந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் தாமாகவே கூட்டுக்கு வந்துவிடும். வாத்துகள் வாய்க்கால் வழியாக ஏரி வரைக்கும் போய்த் திரும்பும்.

அண்டை மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்ற செய்தியைக் கேட்டதிலிருந்து வீட்டில் இதே பேச்சாக இருக்கிறது. மார்கழி தொடங்கி மாசி வரைக்கும் ஏரியில் வெளிநாட்டுப் பறவைகள் இறங்குகின்றன. சம்பா அறுவடை முடிந்த வயல்களில், எங்கிருந்தோ ஓட்டி வரப்படும் மேய்ச்சல் வாத்துகள் நூற்றுக்கணக்கில் மேய்கின்றன. இவற்றுக்கு நடுவே எங்கள் கோழிகளை எப்படிக் காப்பது என்று தெரியவில்லை. அடைத்து வைத்த கோழி முட்டையும் இடாது, குஞ்சும் பொரிக்காது என்பது என் மாமியாரின் கருத்து. பக்கத்து வீட்டுப் பெரியவரோ, "நோய் என்று வாயைத் திறந்தால் ஊர்க்கோழி அத்தனையையும் பிடித்துப் புதைத்துவிடுவார்கள், இரண்டு செத்தாலும் பேசாமல் இருந்துவிடு அம்மா" என்கிறார்.

இதற்குத் தடுப்பூசி உண்டா, கூட்டில் அடைத்தால் மட்டும் போதுமா, கோழி இறந்தால் என்ன செய்வது, முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் (கடலூர்)

அம்மா, உங்கள் கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன வாத்துகளைப் பற்றித்தான் நான் முதலில் பேச வேண்டும். உங்கள் வீட்டில் பெரிய ஆபத்து தலைக்கு மேலே பறக்கும் பறவை அன்று. காலையில் ஏரிக்குப் போய் மாலையில் கோழிகளின் தண்ணீர்த் தொட்டியில் அலகை நனைக்கும் அந்த 6 வாத்துகள்தாம். காட்டு வாத்துகளும் பிற நீர்ப்பறவைகளும் இந்தக் கிருமியை நோயின் அறிகுறி எதுவும் இல்லாமலே சுமக்கக்கூடியவை. வீட்டு வாத்துகளும் பல நேரங்களில் நலமாகத் தோன்றியபடியே எச்சத்தின் வழியாகக் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கும். கோழிக்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. கொடிய வகைக் கிருமி புகுந்துவிட்டால் ஒரு மந்தையில் பத்துக்கு ஒன்பது கோழிகள், சில வேளைகளில் அத்தனையுமே, இரண்டு நாளுக்குள் இறந்துபோகலாம். 2024 ஏப்ரலில் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் எடத்துவா, செருதனா பகுதிகளில் இந்நோய் வாத்துகளிடையேதான் கண்டறியப்பட்டது. ஆகவே வாத்துகளை ஏரிக்கு விடுவதை இன்றே நிறுத்துங்கள். அவற்றுக்குத் தனி அடைப்பு, தனித் தொட்டி, கிணற்று நீர் அல்லது குழாய் நீர். வாத்துக்கென்று ஏரியிலிருந்து நத்தை பொறுக்கி வருவதும், கரையோரப் புல்லை அறுத்து வருவதும் கூடாது. ஏரிச் சேறும் நீரும் அவற்றோடு சேர்ந்தே வீட்டுக்கு வந்துவிடும்.

எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சலுக்கு நம் நாட்டில் வீட்டுக் கோழிகளுக்குப் போடும் தடுப்பூசி நடைமுறையில் இல்லை; நோய் கண்ட பகுதியில் பறவைகளை அழித்துப் பரவலை நிறுத்துவதே அரசின் வழி. ஆயினும் உங்கள் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நம் ஊரில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாவதற்கு முதல் காரணம் வெள்ளைக்கழிச்சல்தான். அதிலும் மூச்சிரைப்பு, கழிச்சல், திடீர்ச் சாவு என்று பறவைக் காய்ச்சலைப் போலவே தோற்றம் இருக்கும். தடுப்பூசி போடாத மந்தையில் கோழி இறந்தால், "வழக்கமான சீக்குதானே" என்று எல்லோரும் கடந்துபோய்விடுவார்கள். முறையாகப் போட்ட மந்தையில் ஒரே நாளில் நான்கு கோழிகள் விழுந்தால், அது வேறு ஏதோ என்ற ஐயம் உடனே எழும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி என்பது வழக்கம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் பிப்ரவரியில் இந்த வெள்ளைக்கழிச்சலுக்கு இருவாரத் தடுப்பூசி முகாம் நடக்கும்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதை நான் பணியில் இருந்த காலத்தில் ஊர் ஊராகக் கேட்டிருக்கிறேன், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. நோய் உறுதியானால், அந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பறவைகள் அழிக்கப்படும். பத்துக் கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்பு நடக்கும். அவர் சொல்லாமல் விட்ட மற்றப் பாதி என்னவென்றால், அரசு அழிக்கும் பறவைகளுக்கு இழப்பீடு உண்டு, தாமாகவே செத்துப்போனவற்றுக்குக் கிடையாது. மறைத்து வைத்தால் கோழியும் போகும், இழப்பீடும் போகும்.

பதில்: பாகூர்த் தோட்டம் (புதுச்சேரி)

ஐயா சொன்னது முற்றிலும் சரி. கூடு பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன், ஏனெனில் எங்கள் வீடும் பாகூர் ஏரியை ஒட்டியே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரச்சந்தையில் இரண்டு விடைக் கோழிகளை வாங்கி வந்து, அன்று மாலையே மற்றவற்றோடு கூட்டில் விட்டேன். பத்து நாளில் 17 கோழிகளைப் புதைத்தேன். அது வெள்ளைக்கழிச்சல்தான், பறவைக் காய்ச்சல் இல்லை. ஆனால் கிருமி வீட்டுக்குள் வரும் வழி ஒன்றே என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். இப்போது நோய்ச் செய்தி இருக்கும் காலத்தில் வெளிக் கோழி எதையும் வாங்குவதில்லை. மற்ற நாட்களில் வாங்கினாலும் வீட்டின் மறு பக்கத்தில் மூன்று வாரம் பஞ்சாரத்தில் தனியே வைத்து, கடைசியில் அதற்குத் தீனி போட்டுவிட்டுத்தான் கை கழுவுகிறேன்.

மாமியாரின் கவலைக்கும் வழி இருக்கிறது. பத்தடிக்கு ஆறடி அளவில் மூங்கில் நட்டு, சுற்றிலும் பழைய மீன்வலையைக் கட்டினால் 22 கோழிகளுக்கு ஓரளவு நடமாட இடம் கிடைக்கும். கடலூர் முதுநகர்ப் பக்கம் கழித்துப் போட்ட வலை எளிதாகக் கிடைக்கும். கண் சிறியதாக இருக்கும் வலையைப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் சிட்டுக்குருவியும் மைனாவும் தீனிக்கு நுழைந்துவிடும். மேலே வலை மட்டும் போதாது, எச்சம் அதன் வழியே விழும். ஆகையால் தென்னங்கீற்றோ தார்ப்பாயோ கட்டாயம் வேண்டும். அடைத்த கோழிக்குப் பொழுது போகாவிட்டால் ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கத் தொடங்கும். முருங்கைக் கீரையைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு, ஒரு மூலையில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து குளிக்க வைத்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது. தரை ஈரமாக இருந்தால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும், எனவே உமியை அடிக்கடி கிளறிவிட வேண்டும். முட்டை முதல் வாரம் குறைந்தது. பிறகு பழைய நிலைக்கு வந்துவிட்டது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது செருப்பு. கூட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி செருப்பு வாசலிலேயே இருக்கும். வயலுக்குப் போட்டுப்போன செருப்பு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. என் மகன் முதலில் சிரித்தான். இப்போது அவனே விருந்தாளிகளைத் தடுத்து நிறுத்துகிறான்.

பதில்: நாட்டுமுட்டை (நெல்லிக்குப்பம்)

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. யாரும் தவறாக எண்ண வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் இந்தச் செய்தி வரும்போதெல்லாம் முட்டை, கறி விலை விழுந்து எங்களைப் போன்றவர்கள் நட்டப்படுகிறோம். நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம். சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், கீழாநெல்லி அரைத்து வாரம் ஒருமுறை உருட்டிக் கொடுத்தால் எந்தச் சீக்கும் அண்டாது என்பது எங்கள் தாத்தா காலத்து வழக்கம். இவ்வளவு வலையும் செருப்பும் தேவைதானா?

பதில்: ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் (கடலூர்)

தம்பி, விலை விழுவதைப் பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது. நன்றாக வேகவைத்த கறியிலும் முட்டையிலும் அச்சமில்லை. உட்பகுதி வரைக்கும் 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினாலே கிருமி செத்துவிடும், நம் வீட்டுக் குழம்பு அதைவிட மிகுதியாகவே கொதிக்கிறது. அரைவேக்காட்டு முட்டையையும் பச்சை முட்டையையும் மட்டும் இப்போதைக்குத் தவிர்க்கலாம். நீங்கள் சொன்ன மருந்து உருண்டை கோழியின் செரிமானத்துக்கு நல்லது, நானும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எச்5என்1 முன்னால் நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி என்ற வேறுபாடு இல்லை. இந்தியாவில் முதன்முதலாக 2006இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் பண்ணைகளில் வந்தது. 2008இல் மேற்கு வங்கத்தில் பரவியபோது பெரும்பாலும் வீட்டுக்கோழிகளே மாண்டன. மனிதருக்கு இது எளிதில் தொற்றுவதில்லை, ஆனால் தொற்றினால் கடுமையானது. 1997இல் ஹாங்காங்கில் நோயுற்ற 18 பேரில் 6 பேர் இறந்தார்கள். செத்த கோழியை வெறும் கையால் தொடுவதும், இறகு பிடுங்குவதும், குடலை எடுப்பதும்தான் வீடுகளில் உண்மையான ஆபத்து. வாடத் தொடங்கிய கோழியை "சாவதற்குள் அறுத்துவிடலாம்" என்று அறுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா, அதை மட்டுமாவது இந்தக் காலத்தில் விட்டுவிடுங்கள்.

பாகூர்க்காரர் சொன்ன செருப்புக்கு ஒரு காரணம் சேர்க்கிறேன். எச்சத்தில் இந்தக் கிருமி 37 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ ஆறு நாளும், 4 டிகிரிக் குளிரில் ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். நம் வெயில் நமக்குத் துணை; ஆனால் மார்கழிப் பனியில், நிழலில், செருப்பின் அடியில் ஒட்டிய ஈரச் சேற்றில் அந்தத் துணை இல்லை. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சேறு ஒட்டியிருந்தால் அந்தக் கரைசல் வேலை செய்யாது. முதலில் சோப்பும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவிவிட்டுப் பிறகுதான் கரைசல், அதுவும் அன்றன்றைக்குப் புதிதாகக் கரைத்தது.

ஏரிக்கரை அம்மாவுக்கு: ஒரே நாளில் இரண்டு மூன்று கோழிகள் காரணமின்றி இறந்தாலோ, கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்தாலோ, முகம் வீங்கினாலோ, கால் செதில்களில் இரத்தச் சிவப்பு தெரிந்தாலோ, அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், 1962 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். இறந்த கோழியை நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அவர்களை வரச் சொல்லுங்கள். அதுவரைக்கும் கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, இரட்டைப் பையில் கட்டி, நாயும் பூனையும் எட்டாத நிழலில் வையுங்கள். பூனைக்கும் இந்நோய் தொற்றும். மாதிரி எடுத்துப் போபாலிலுள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், முடிவு அங்கிருந்துதான் உறுதியாகும். அதற்குள் மிச்சமிருக்கும் கோழிகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பினாலோ விற்றாலோ, நோய் இன்னோர் ஊருக்குப் போய்ச் சேரும். கோழிகளைத் தொட்டவர்களுக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சலோ இருமலோ கண் சிவப்போ வந்தால், கோழி செத்த விவரத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: ஏரிக்கரை வீடு

அனைவருக்கும் மிக்க நன்றி. வாத்துகளை நேற்றே மாட்டுக்கொட்டகையின் பின்புறம் தனியே அடைத்துவிட்டோம். இரவெல்லாம் கத்தித் தீர்த்துவிட்டன. வலைக்கு என் கணவர் முதுநகருக்குப் போயிருக்கிறார். மாமியார் இன்னும் முழுமனதாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் கீரைக்கட்டு தொங்கவிடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

ஒரே ஓர் ஐயம். எங்கள் பெட்டைக்கோழி ஒன்று வாத்து முட்டைகள் ஏழின் மேல் அடைகாத்துக்கொண்டிருக்கிறது. இன்றோடு இருபது நாள் ஆகிறது. அதைக் கலைத்துவிட வேண்டுமா?

பதில்: ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் (கடலூர்)

கலைக்க வேண்டாம் அம்மா. வாத்து முட்டை பொரிக்க 28 நாள் ஆகும், இன்னும் எட்டு நாள்தானே. அடைக்கூடையை அப்படியே வீட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றி, தாய்க்கோழிக்கு அங்கேயே தீனியும் நீரும் வையுங்கள். குஞ்சு வெளிவந்த பிறகு தாயையும் குஞ்சுகளையும் ஒரே பஞ்சாரத்தில், கோழிக்கூட்டுக்கும் வாத்து அடைப்புக்கும் தொலைவாக வையுங்கள். குஞ்சுகள் வாத்துகள் என்பதால் தண்ணீரைப் பார்த்ததும் இறங்கத் துடிக்கும், கிணற்று நீர் நிரப்பிய அகலமான மண்சட்டி ஒன்று போதும். முட்டையோடுகளைக் குப்பையில் எறியாமல் புதைத்துவிடுங்கள். காக்கை தூக்கிக்கொண்டு போகும்.