23 வயசுல நெற்றி ஏறுது: மருந்தா, டிரான்ஸ்பிளான்ட்டா, மொட்டையா?

நெற்றிமேடு (கேள்வி)

வயசு 23, ஆண். ரெண்டு பக்க நெற்றி ஓரமும் ஒன்றரை வருஷமா மேல ஏறிக்கிட்டே போகுது. உச்சியில சுழி இருக்கிற இடத்துல வெளிச்சம் பட்டா தோல் தெரியுது. அப்பா, தாய்மாமா ரெண்டு பேருக்கும் முப்பது வயசுக்குள்ள வழுக்கை. அரிப்பு, பொடுகு பெரிசா இல்ல.

தோல் டாக்டர் தலையில தடவுற மினாக்சிடில் 5% மட்டும் போதும்னார். ஒரு முடி கிளினிக்ல உடனே 2500 கிராஃப்ட் (பின்தலையில இருந்து எடுத்து நடுற முடிக்கொத்து) வெச்சிடலாம், கூட ஆறு தடவை பிஆர்பி (நம்ம ரத்தத்துல இருந்தே பிரிச்செடுத்ததைத் தலைத்தோல்ல ஊசியா போடுறது) போடலாம்னாங்க. ஃபினாஸ்டரைடுங்கிற மாத்திரையைத் தேடினா பயமுறுத்துற பதிவுகளாத்தான் வருது. எதுல ஆரம்பிக்கிறது? எத்தனை மாசம் பார்த்துட்டு முடிவு பண்றது?

இன்னொண்ணு. குளிச்சதும் கீழ விழுந்த முடியை எண்ணிக்கிட்டு நிக்கிறேன். போட்டோ எடுக்கணும்னாலே நழுவிடறேன். இதுல இருந்து வெளிய வர வழி இருக்கா?

---

மருந்துச்சீட்டு

என்ன வகை உதிர்வுன்னு உறுதியாகாம பாட்டிலைத் திறக்காதீங்க. நீங்க சொல்றதைப் பார்த்தா பரம்பரை வழுக்கை மாதிரிதான் தெரியுது. ஆண் வழுக்கையை நிலை நிலையா பிரிக்கிற ஹாமில்டன்-நார்வுட் அளவுகோல்ல 3-வது நிலையைச் சுத்தி வரலாம். ஆனா அதோட வேற ஒண்ணும் சேர்ந்து ஓடலாம். கடும் காய்ச்சல், ஆபரேஷன், அவசரமா உடம்பைக் குறைச்சது, இதெல்லாம் நடந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சுத் தலை முழுக்கப் பரவலா கொட்டும். காரணம் விலகினா பெரும்பாலும் ஆறு மாசத்துல தானா அடங்கிடும். வட்டமா ஒரே இடம் வழவழன்னு காலியானா புழுவெட்டு, அதுக்கு வைத்தியமே வேற. எரிச்சலோட செதில் உரிஞ்சு, முடி முளைக்கிற துளையே மறைஞ்சு தோல் பளபளன்னு ஆனா உடனே டாக்டர்கிட்ட ஓடணும். அங்க போன வேர்க்கால் திரும்பாது.

டாக்டர்கிட்ட உருப்பெருக்கி வெச்சு உச்சியையும் பின்தலையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பின்தலையில எல்லா முடியும் ஒரே தடிமனா இருந்து, உச்சியில தடிச்ச முடிக்கு நடுவுல பூனைமுடி மாதிரி மெல்லிசா நிறைய இருந்தா பரம்பரை வழுக்கைன்னு கிட்டத்தட்ட முடிவு. ரத்தத்துல ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பைக் காட்டுறது), தைராய்டு ரெண்டும் பார்த்துக்கலாம். பயோட்டின்ங்கிற வைட்டமின் மாத்திரை சாப்பிடுறவரா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, தைராய்டு ரிசல்ட்டை அது குழப்பும். அந்தச் சத்து குறைவா இருக்கிறவங்களைத் தவிர மத்தவங்க முடிக்கு அதனால லாபமும் இல்ல.

இப்ப மருந்து. டெஸ்டோஸ்டிரோனை ஒரு என்சைம் டிஎச்டி-ங்கிற ஹார்மோனா மாத்துது. நெற்றியிலயும் உச்சியிலயும் இருக்கிற வேர்க்கால்களுக்கு அது ஆகாது. ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றுலயும் வேர்க்கால் சின்னதாகும், வருஷக்கணக்கா வளரவேண்டிய முடி மாசக்கணக்குல நின்னுடும். ஃபினாஸ்டரைடு அந்த என்சைமைத் தடுக்கும். மினாக்சிடில் டிஎச்டி பக்கமே போகாது. முடியை வளர்ச்சிக் கட்டத்துல கொஞ்சம் கூடுதலா நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். அதனால "மினாக்சிடில் மட்டும் போதும்"ங்கிறது உங்க வயசுக்கும் குடும்ப வரலாறுக்கும் பாதி பதில்னுதான் நான் சொல்வேன். இருந்தாலும் முதல்ல தொடங்க வேண்டியது அதுதான்.

போடுற முறை: ஒரு வேளைக்கு 1 மி.லி., நாளைக்கு ரெண்டு வேளை. தலை நல்லா காஞ்சிருக்கணும். வகிடு வகிடா பிரிச்சு, துளியைத் தோல்ல விட்டு விரல் நுனியால பரப்புங்க. பாதிப் பேர் முடியில ஊத்திட்டு வேலை செய்யலைன்னு சொல்றாங்க. போட்டு நாலு மணி நேரம் தலையை நனைக்காதீங்க. ராத்திரி வேளையைப் படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி முடிச்சுடுங்க. ஈரத்தோட படுத்தா தலையணை வழியா முகத்துல பட்டு அங்க முடி வளரும். கையைக் கழுவுங்க. வீட்டுல பூனை இருந்தா ரொம்ப எச்சரிக்கை, கொஞ்சம் நக்கினாலே அதுக்கு விஷம். தோல் சிவந்து அரிச்சா பல சமயம் காரணம் மருந்து இல்ல, கரைசல்ல இருக்கிற புரொப்பிலீன் கிளைகால். அது இல்லாத ஃபோமுக்கு (நுரை வடிவம்) மாறலாம். படபடப்பு, கால் வீக்கம், தலைசுத்தல் வந்தா நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. அளவைக் கூட்டினா பலன் கூடாது, பக்கவிளைவுதான் கூடும்.

ஃபினாஸ்டரைடு தினம் 1 மி.கி. ஆண் வழுக்கைக்கு அமெரிக்காவுல 1997-ல அனுமதி கிடைச்சது. தலைத்தோல் டிஎச்டி 60 சதவீதத்துக்கு மேல இறங்கும். அனுமதிக்கு முன்னாடி நடந்த சோதனைகள்ல பாலியல் பக்கவிளைவு மருந்து சாப்பிட்டவங்கள்ல 3.8%, ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 2.1%. பெரும்பாலும் நிறுத்தினா சரியாகுது. நிறுத்தின பிறகும் நீடிச்சதா புகார்கள் இருக்கு, அதை ஒதுக்கிட முடியாது. ஐரோப்பிய மருந்து முகமையோட பாதுகாப்புக் குழு 2025-ல தற்கொலை எண்ணத்தை இந்த மாத்திரையோட பக்கவிளைவுன்னு உறுதி பண்ணிச்சு. உங்க கேள்வியோட கடைசிப் பத்தி இங்கதான் முக்கியம்: மனசு ஏற்கெனவே சோர்ந்திருந்தா அதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. மாத்திரை தொடங்கின பிறகு மனநிலை சரிஞ்சா நிறுத்திட்டு அவரைக் கூப்பிடுங்க. குழந்தைக்குத் திட்டமிடும்போதும் சொல்லணும். உடைஞ்ச மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. நிறுத்தி ஒரு மாசம் வரை ரத்த தானம் வேண்டாம்.

ரெண்டையும் ஒரே நாள்ல தொடங்காம ஆறு வாரம் இடைவெளி விடுங்க. ஏதாவது ஆனா எதனாலன்னு தெரியும். கணக்குப் பார்க்கிறது 12-வது மாசம். கொட்டுறது நின்னு, இருக்கிறது இருந்தா மருந்து வேலை செய்யுது. முளைச்சா கூடுதல் லாபம். நிறுத்தினா மினாக்சிடில் தந்தது மூணு நாலு மாசத்துலயும், ஃபினாஸ்டரைடு தந்தது ஒரு வருஷத்துக்குள்ளயும் போயிடும். இதைத் தெரிஞ்சுக்கிட்டே தொடங்குங்க.

---

ஒருமுழத்தூரம்

மருந்து பத்தி மேல சொல்லிட்டாங்க, நான் எண்ணிக்கைக்கு வரேன். தலையில சுமார் ஒரு லட்சம் முடி, தினம் 50 முதல் 100 வரை விழறது இயல்பு. ரெண்டு நாள் தலைக்குக் குளிக்காம மூணாவது நாள் குளிச்சா, மூணு நாளைக்கானதும் சேர்ந்து விழும். அடியில வெள்ளையா ஒரு சின்னக் குமிழ் இருக்கும். வேரே பிடுங்கிட்டு வந்துடுச்சுன்னு பதறுவாங்க. அது வேர் இல்ல, ஓய்வுக்காலம் முடிஞ்சு விழுந்த முடியோட நுனி. வேர்க்கால் உள்ளயே இருக்கு. முக்கியமானது, பரம்பரை வழுக்கைல முடி மெலியிறதுதான் விஷயம், விழுற எண்ணிக்கை இல்ல. நீங்க தினம் எண்ற எண்ணிலிருந்து ஒண்ணும் தெரியப் போறதில்ல. ஆனா ஒவ்வொரு தடவை எண்ணும்போதும் பயம் மட்டும் புதுப்பிக்கப்படுது.

எண்றதுக்குப் பதிலா இது: மூணு மாசத்துக்கு ஒரு தடவை போட்டோ. நெற்றி, இடது ஓரம், வலது ஓரம், உச்சி, நாலே நாலு. அதே இடம், அதே வெளிச்சம், உலர்ந்த தலை, முடி வெட்டின பிறகு ஒவ்வொரு தடவையும் அதே எண்ணிக்கை நாள் கழிச்சு. எடுத்ததும் ஒரு ஃபோல்டர்ல போட்டு மூடிடுங்க. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், தினம் பார்த்தா வெளிச்சம்தான் மாறும், தலை மாறாது.

கண்ணாடி, வேலைக்கு மட்டும். கை நீட்டுற தூரத்துல நில்லுங்க. செல்போன் டார்ச், பின்னால பிடிக்கிற ரெண்டாவது கண்ணாடி ரெண்டையும் விட்டுடுங்க. பார்க்கணும்னு உந்துதல் வந்தா "பார்க்கவே கூடாது"ன்னு சண்டை போடாம பத்து நிமிஷம் தள்ளிப் போடுங்க. ஏறின வேகத்துலயே அது இறங்குறதைக் கவனிப்பீங்க.

நழுவுறதுக்குத் தனி வழி. எதையெல்லாம் தவிர்க்கிறீங்களோ அதை எழுதி, 0 முதல் 10 வரை பயத்துக்கு மார்க் போடுங்க. தொப்பி இல்லாம கடைக்குப் போறது 3, குரூப் போட்டோல முன்வரிசை 8, இப்படி. 3-ல ஆரம்பிங்க, படபடப்பு பாதியா குறையிற வரைக்கும் அங்கயே இருங்க. ரெண்டு நிமிஷத்துல ஓடி வந்துட்டா "தப்பிச்சேன்"னுதான் மூளை கத்துக்கும், அப்புறம் அடுத்த தடவை இன்னும் கஷ்டம். யாராவது கேட்டா சொல்ல ஒரு வாக்கியம் தயாரா வெச்சுக்குங்க: "ஆமா, கொட்டுது, மருந்து போட்டுக்கிட்டு இருக்கேன்." பேச்சு பெரும்பாலும் அதோட முடிஞ்சிடும்.

தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல இந்த நினைப்பிலேயே போச்சு, வகுப்பையோ வேலையையோ விட்டுட்டீங்க, ரெண்டு வாரமா தூக்கம் இல்லன்னா மனநல மருத்துவர்கிட்ட போங்க. சாகலாம்னு தோணினா அன்னிக்கே. இந்த நிலையில ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீங்க. தலை மாறினாலும் பார்வை மாறாம, அடுத்த குறையைத் தேடும்.

---

நாற்றங்கால்

அந்த 2500 கிராஃப்ட்டுக்கு என் பதில்: இப்போது வேண்டாம்.

பின்தலை முடி டிஎச்டி-க்கு அசையாது, அதனால்தான் அங்கிருந்து எடுத்து முன்னால் நடுகிறார்கள். ஆனால் அந்த இருப்பு வாழ்நாள் முழுவதற்கும் சில ஆயிரம் கிராஃப்ட்தான், எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. நட்ட முடி நிற்கும். அதற்குப் பின்னால் இருக்கும் உங்கள் சொந்த முடி தொடர்ந்து போகும். 23-ல் நெற்றி விளிம்பை இறக்கி நட்டால், 35-ல் முன்னால் ஒரு வரப்பும் அதற்குப் பின்னால் வெறும் தரையும்தான் மிஞ்சும். அதை நிரப்ப மீண்டும் பின்தலையைத்தான் கேட்க வேண்டும். இன்னொரு கதவும் மூடும்: ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கும் முறையில் புள்ளிப் புள்ளியாகவும், பட்டையாக வெட்டி எடுக்கும் முறையில் நீளமாகவும் தழும்பு இருக்கும். பிறகு மொட்டையாக இருக்க நினைத்தால் அது தெரியும்.

12 மாதம் மருந்தில் நிலைத்த பிறகு போனால் கேட்க வேண்டியவை: பின்தலை அடர்த்தியை அளந்தார்களா? தோண்டுவதும் துளையிடுவதும் டாக்டரா, உதவியாளரா? முதல் வரிசையில் ஒற்றை முடி கிராஃப்ட் மட்டும் வைப்பார்களா? (இரண்டு மூன்று முடி உள்ளதை அங்கே வைத்தால் பொம்மைத் தலை போலத் தெரியும்.) உருப்பெருக்கியே வைக்காமல் எண்ணிக்கை சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிரும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழு வடிவம் தெரிய ஒரு வருடம்.

பிஆர்பி சிலருக்கு ஓரளவு உதவுகிறது. செய்முறை இடத்துக்கு இடம் வேறு, பலனும் அப்படியே. மருந்துக்குத் துணையாக வேண்டுமானால் பார்க்கலாம். ஆறு தடவைக்கு மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள்.

---

நெற்றிமேடு

நன்றி. கிளினிக் தேதியை ரத்து பண்றேன். ரெண்டு சந்தேகம்: மினாக்சிடில் தொடங்கினா முதல்ல இன்னும் கொட்டும்ங்கிறாங்க, நிஜமா? அதுவரைக்கும் உச்சியை மறைக்க என்ன பண்ணலாம்?

---

மருந்துச்சீட்டு

நிஜம்தான், எல்லாருக்கும் இல்ல. ஓய்வுல இருந்த முடியைப் புது முடி தள்ளிட்டு வரும். பொதுவா ரெண்டாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவுல. நிறைய பேர் இங்கதான் பயந்து நிறுத்திடறாங்க. உதிர்வை மட்டும் அனுபவிச்சுட்டு பலனை விட்டுடறாங்க. மூணு மாசம் தாண்டியும் அதே வேகத்துல கொட்டினா டாக்டரைப் பாருங்க.

---

சீப்புக்காரர்

பக்கவாட்டை நல்லா ஒட்ட வெட்டி மேல கொஞ்சம் விடுங்க. பக்கம் அடர்த்தியா இருந்தாத்தான் உச்சி காலியா தெரியும். நீளமா வளர்த்து இழுத்து மூடாதீங்க, காத்தடிச்சா பிரிஞ்சு கோடு கோடா தோல் தெரியும். ஈரமா மினுக்குற ஜெல்லும் அதே வேலையைத்தான் பண்ணும். மினுக்காத ஹேர் கிளே போதும்.

கெரட்டின் ஃபைபர் பொடி உச்சிக்கு நல்லா உட்காரும், நெற்றி ஓரத்துக்கு உட்காராது, ஏன்னா பிடிச்சுக்க அங்க முடி வேணும். மினாக்சிடில் முழுசா காஞ்ச பிறகு தூவி, லேசா தட்டுங்க, தேய்க்காதீங்க. கனமழைக்கும் நிறைய வேர்வைக்கும் நிக்காது. மொட்டை பிடிச்சா முதல்ல மெஷின்ல ரெண்டு மூணு மி.மீ. விட்டு வெட்டிப் பாருங்க, பிளேடு அப்புறம். வெயில்ல போனா எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் தலைக்கும் போடணும்.

---

அகலவகிடு

நடுவுல நுழையறேன், மன்னிக்கவும். 29 வயசுப் பெண், நெற்றி அப்படியே இருக்கு, வகிடு மட்டும் அகலமாகுது. இதே மருந்துகள்தானா?

---

மருந்துச்சீட்டு

இல்லைங்க. பெண்களுக்குப் பரம்பரை உதிர்வு பெரும்பாலும் இப்படித்தான் வரும். முதல்ல ஃபெரிட்டின், தைராய்டு பாருங்க. மாதவிடாய் தள்ளிப் போறது, முகத்துல முடி, பரு இதெல்லாம் சேர்ந்திருந்தா பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) பரிசோதனையும் வேணும். மினாக்சிடில் 5% ஃபோம் நாளைக்கு ஒரே வேளை. கர்ப்பம் தரிக்க வாய்ப்பிருக்கிற வயசுல ஃபினாஸ்டரைடு கூடாது, ஆண் சிசுவோட பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோ பால் கொடுத்தாலோ மினாக்சிடிலையும் நிறுத்தணும், எப்போன்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டுடுங்க.