கன்சோல் வழியாகத் தொலைக்காட்சி: கைக்கணினியைத் துணைத்திரையாக்க இன்னும் வழியுண்டா?

ஈசூன்வாசி:
வணக்கம். என் தாயார் தினமும் இரவு எட்டரை மணிக்கு சிங்கப்பூரின் வசந்தம் ஒளிவழியில் தமிழ்ச் செய்தி பார்ப்பார். அந்நேரத்தில் அடுத்த நிகழ்ச்சி என்னவென்று நான் தேடினால், நிகழ்ச்சிப் பட்டியல் திரையில் பாதியை மறைத்துவிடுகிறது; அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்றாலும் எனக்கு மனம் கேட்பதில்லை. உறவினர் ஒருவர் தம்முடைய பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் என்னும் விளையாட்டுக் கன்சோலைத் தந்திருக்கிறார். செட்டாப் பெட்டியை அதில் இணைத்தால், பட்டியலையும் ரிமோட்டையும் கைக்கணினிக்குக் கொண்டுவந்து, பெரிய திரையை அம்மாவுக்கே விட்டுவிடலாம் என்று படித்தேன். இப்போதும் அது நடக்குமா?

பழங்கன்சோல்:
நீங்கள் படித்தது ஒரு காலத்தில் உண்மை. 2012-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஸ்மார்ட்கிளாஸ் செயலி, திறன்பேசியையும் கைக்கணினியையும் கன்சோலின் இரண்டாம் திரையாக்கியது. மறு ஆண்டு வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன், செட்டாப் பெட்டியின் படத்தை வாங்கிக்கொள்ளத் தனி எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் செல்லும் கம்பிக்கான) துளையுடனும் ஒன்கைடு என்னும் நிகழ்ச்சிப் பட்டியலுடனும் வெளிவந்தது. ஆனால் ஒளிவழியை மாற்றும் கட்டளை எச்டிஎம்ஐ கம்பி வழியாகச் செல்வதில்லை. அகச்சிவப்புக் கதிராகவே செல்கிறது. முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் அதை அனுப்பியது, கன்சோலுடன் இணைக்கும் கேமராக் கருவியான கினெக்ட். அதன் தயாரிப்பு 2017-இல் நின்றுவிட்டது. ஒன்கைடு பட்டியலும் 2021-இல் நிறுத்தப்பட்டது. 2020-இல் வந்த சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் கன்சோல்களில் அந்த எச்டிஎம்ஐ துளையே இல்லை. ஆகவே உங்கள் கன்சோல் வழியாகப் படம் வரும், நீங்கள் தேடும் துணைத்திரை வராது.

அலைக்கம்பம்:
படத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் முறையில், அதாவது நொடிக்கு 50 முறை படம் மாறும் வகையில் வருகிறது. கன்சோல் வழக்கமாக 60 ஹெர்ட்ஸில் வெளியிடும். இரண்டும் ஒத்துப்போகாததால், செய்தியின் அடியில் ஓடும் வரி சீராக நகராமல் விட்டுவிட்டு நகரும், அதை வாசிக்க முயலும் முதியவர்களின் கண்கள் விரைவில் களைத்துவிடும். 2014-இல் வந்த மென்பொருள் மேம்பாட்டுக்குப்பின் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அமைப்புகளுக்குள் சென்று நாமேதான் மாற்றவேண்டும். தாயாருக்காகச் செய்யும் ஏற்பாடு என்பதால், இடையில் கன்சோலே வேண்டாம் என்பது என் கருத்து. வசந்தம் இலவச மின்னிலக்க ஒளிவழி. டிவிபி-டி2 (மின்னிலக்க ஒளிபரப்பை வாங்கும்) வசதியுள்ள தொலைக்காட்சியில் ஆண்டெனாவைச் செருகினாலே போதும். பட்டியலைக் கைக்கணினியில், மீடியாகார்ப்பின் இணையத் தொலைக்காட்சிச் செயலியான மீவாட்ச்சில் பாருங்கள். நேரலையை மட்டும் அதில் ஓடவிடாதீர்கள். இணையம் வழி வருவது ஆண்டெனாவுக்குப் பின்தங்கியே வரும் என்பதால், ஒரே செய்தி வீட்டில் இருமுறை ஒலிக்கும்.

பழங்கன்சோல்:
ஒப்புக்கொள்கிறேன். இந்த எண்ணத்துக்கு மிக அருகில் வந்தது நின்டென்டோவின் வீ யூ கன்சோல் என்பதையும் சொல்லவேண்டும். அதன் கேம்பேடிலேயே (கையில் பிடித்து விளையாடும் கருவியிலேயே) 6.2 அங்குலத் திரையும் அகச்சிவப்பு வசதியும் இருந்ததால், கன்சோலை முடுக்காமலேயே அதைத் தொலைக்காட்சி ரிமோட்டாகப் பயன்படுத்த முடிந்தது. நிகழ்ச்சிகளைக் கையிலேயே காட்டிய டிவிஐஐ சேவை வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மட்டுமே கிடைத்தது, வட அமெரிக்காவில் 2015-இல் மூடப்பட்டது. அவ்வளவு நல்ல எண்ணம் இத்தனை சீக்கிரம் கைவிடப்பட்டது எனக்கு இன்றும் வருத்தமே.

ஈசூன்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆண்டெனாவை நேரடியாக இணைத்துவிட்டேன். இன்றிரவு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமல் ஓடும் வரிகளை வாசித்தார். கன்சோலை அக்காள் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன்.