மறு: மினியேச்சர் பார்க் - தமிழ்ல என்ன சொல்லலாம்?

> தேசிய அடையாளம், காலனியாதிக்கம் பத்தின கட்டுரை ஒண்ணு மொழிபெயர்க்கிறேன். மினியேச்சர் பார்க்குக்கு "மாதிரி நகரம்" சரியா வருமா, இல்ல "சிற்றுருப் பூங்கா"வா?

வணக்கம்,

மாதிரி வேண்டாங்க. மாதிரி கிராமம்னு அரசாங்கத் திட்டத்துல ஏற்கெனவே புழங்குது, படிக்கிறவங்க முன்னுதாரணமான ஊர்னுதான் எடுத்துக்குவாங்க. சிற்றுரு நல்ல சொல், நெதர்லாந்து ஹேக் நகரத்துல 1952ல திறந்த மதுரோடாமுக்கு அப்படியே பொருந்தும், அங்க கட்டடமெல்லாம் 1:25 அளவுல இருக்கும். ஆனா உங்க கட்டுரைல இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவோட தமான் மினி பூங்கா வராம இருக்காது, அங்க இந்தச் சொல் நிக்காது. மாகாணத்துக்கு ஒரு அரங்கம்னு கட்டியிருக்காங்க, வீடெல்லாம் ஆள் ஏறி உள்ள போற அளவு, நடுவுல ஏரி, ஏரிக்குள்ள இந்தோனேசியத் தீவுகளை மேப் மாதிரி அமைச்சு கேபிள் கார்ல போறவங்க மொத்த நாட்டையும் மேல இருந்து பாக்கிற மாதிரி வச்சிருக்காங்க. அதாவது சுருக்கினது நாட்டைத்தான். அதனால என் பரிந்துரை: நாட்டுச்சுருக்கப் பூங்கா.

சுருக்கம்னு சொன்னாலே யார் சுருக்கினாங்க, எதை விட்டாங்கன்னு கேள்வி வரும், அது இந்தக் கட்டுரைக்கு ரொம்ப அவசியம். முதல்ல போர்ச்சுகலோட காலனியா இருந்த கிழக்குத் திமோரையே பாருங்க. சர்வாதிகாரி சலசார் ஆட்சில போர்ச்சுகலோட கொயிம்ப்ரா ஊர்ல பிஸ்ஸாயா பரேத்தோங்கிற டாக்டர் குழந்தைகளுக்காக 'போர்த்துகல் துஸ் பெக்கெனித்தோஸ்'னு ஒரு பூங்கா ஆரம்பிச்சார், திறந்தது 1940ல. அங்க கடல்கடந்த பகுதிகள்னு அங்கோலா, மொசாம்பிக், கோவா எல்லாத்துக்கும் கட்டடம் உண்டு, திமோருக்கும் உண்டு. தமான் மினி 1975ல திறந்தது, அப்போதைய இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவோட மனைவி தியென் அம்மையாரோட திட்டம், இவ்வளவு செலவு எதுக்குன்னு மாணவர்கள் போராடியும் நிக்கல. மறு வருஷமே இந்தோனேசியா திமோரை இணைச்சு 27வது மாகாணம்னு அறிவிச்சது, பூங்காவுலயும் அதுக்கொரு அரங்கம் எழும்பிச்சு. ஒரே நாட்டை ரெண்டு ஆட்சி தன்னோட சுருக்கத்துல சேர்த்துக்கிச்சு, திமோர் மக்களை யாருமே கேக்கல. 1999ல வாக்கெடுப்புல கேட்டப்போ பெரும்பான்மையா விடுதலைன்னு சொல்லிட்டாங்க, 2002ல தனிநாடு ஆச்சு. ஜகார்த்தா அரங்கம் அருங்காட்சியகமா மாறிச்சு.

அன்புடன்

---

> நாட்டுச்சுருக்கப் பூங்கா

ஐயா, வாதம் புரியுது, ஆனா மதுரோடாமை இதுல அடைக்கிறது எனக்கு உறுத்துது. அது ஜார்ஜ் மதுரோங்கிற இளைஞரோட நினைவா, அவர் பெற்றோர் பணம் குடுத்து எழும்பினது. டச்சுக் காலனியான குராசாவ் தீவுல பிறந்த யூதர், ஜெர்மன் படையை எதிர்த்து நின்னவர், 1945ல டாக்காவ் வதைமுகாம்ல இறந்தார். கொயிம்ப்ராவையும் அதையும் ஒரே பேர்ல கூப்பிட முடியுமா? கொயிம்ப்ரா வீடுங்க குழந்தைங்க நுழையிற அளவுங்கிறதால சிற்றில்னு சொல்லலாமே, பிள்ளைத்தமிழ்லயே இருக்கு.

---

மதுரோ பத்தி நீங்க சொன்னது சரிதாங்க, ஏத்துக்கிறேன். அளவைச் சொல்ல சிற்றுருப் பூங்கா இருக்கட்டும், மதுரோடாம் அதுல வரட்டும். ஒரு அரசோ ஆட்சியோ நாட்டையே அடக்கிக் காட்டுறதுக்கு மட்டும் நாட்டுச்சுருக்கப் பூங்கா. சிற்றில் வேண்டாம், அது பிள்ளைங்க தானா மணல்ல கட்டி விளையாடுறது. கொயிம்ப்ரால இருக்கிறது பேரரசு நம்மளதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கப் பெரியவங்க கட்டினது, அந்தச் சொல்லை அதுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல. மொழிபெயர்க்கிறவர் ரெண்டு சொல்லையும் போட்டு, முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் ஒரு வரி விளக்கம் குடுத்துட்டா போதும்.